மேட்டில் பஞ்சம், பள்ளத்தில் வெள்ளம்: தெரிந்தும் ஏன் பெங்களூருக்கு வருகிறார்கள்?

2024 மார்ச்சில் பெங்களூரில் அரசு போட்ட போர்கள், அதாவது ஆழ்துளைக் கிணறுகள், சுமார் 13,900. அதில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 2022 செப்டம்பரில், இதே ஊரின் வெளிவட்டச் சாலையில் ஐடி ஊழியர்களை டிராக்டரில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். வறட்சியும் வெள்ளமும் இப்படி அடுத்தடுத்து வந்துபோகும் ஊருக்கு, தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 'விவரம் தெரியாமல் வருகிறார்கள்' என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. வருகிறவர்களுக்கு விவரம் நன்றாகத் தெரியும். அவர்கள் போடும் கணக்கு வேறு.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு முகட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஊரின் மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகும். கிழக்கே விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தொட்டுக்கொண்டு தட்சிணப் பினாகினியில் சேரும். ஒசூர்ப் பக்கம் வந்ததும் அதுதான் நம் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கே குளித்துத் துவைத்துக் கழித்த தண்ணீர். முகட்டின் மேல் பெரிய ஆறு ஓடாது. காற்று இதமாக இருப்பதற்கும் ஆறு இல்லாமல் போனதற்கும் காரணம் ஒன்றேதான்: உயரம். 'கிளைமேட்டுக்காக வந்தோம்' என்பவர்கள் அந்த உயரத்தின் ஒரு பக்கத்தை விரும்பி, மறுபக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள். மழை ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் பெய்கிறது, அது குறைவே இல்லை. விழுந்த மழையைத் தேக்கத்தான் ஊரை நிறுவிய கெம்பேகவுடா காலத்திலிருந்து ஏரிக்குக் கீழ் ஏரியாகச் சங்கிலி போல வெட்டி வைத்தார்கள்.

இந்த ஊரில் வேலை எப்போதும் தண்ணீருக்கு முன்னால் வந்துவிடும். 1809-இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் படையோடு வியாபாரிகளும் கூலிக்காரர்களுமாகத் தமிழர்கள் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகர்ப் பக்கமும் குடியேறினார்கள். குழாய்த் தண்ணீருக்கு ஹெசரகட்டா ஏரித் திட்டம் வந்தது 1894-இல்தான். 1905-இல் காவிரி அருவியான சிவனசமுத்திரத்து மின்சாரத்தில் தெருவிளக்கு எரிந்தது. மில்கள், 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் பிஇஎல் மின்னணுத் தொழிற்சாலை என்று வேலைகள் பெருகின. காவிரித் தண்ணீரின் முதல் கட்டம் வந்தது 1974-இல். மின்சாரமாக முதலில் வந்த காவிரி, தண்ணீராக வந்துசேர 69 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு 1982, 1993, 2002, 2012 என்று கட்டம் கட்டமாக நீட்டினார்கள். 2001-இல் 65 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 96 லட்சம் ஆகிவிட்டது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு என்று நாளுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது 2024 அக்டோபரில். நடுவில் 17 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அங்கே எழுந்த அடுக்குமாடிகளும் அவற்றைக் கட்டியவர்களின் தகரக் கொட்டகைகளும் போரையும் டேங்கரையும் நம்பித்தான் இருந்தன.

வருமானம் போவதும் செலவு கூடுவதும்

திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிலக்கடலை போடும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தால் விதை, உழவுக் கூலி, உரம் எல்லாம் போய், அந்த ஆண்டு வருமானமே போகிறது. கடன் வாங்கிப் போர் போட்டு அதிலும் தண்ணீருக்குப் பதில் பாறைத்தூள் புகைதான் வந்தது என்றால், வட்டி மட்டும் ஊறும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் பெங்களூருக்கு வந்து மேஸ்திரியிடம் சித்தாள் வேலைக்குச் சேர்ந்தாலும் சனிக்கிழமை பட்டுவாடா உண்டு. இங்கே மழை பொய்த்தால் கூலி நின்றுவிடாது. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

ஊரில் வறட்சி வருமானத்தில் அடிக்கிறது, பெங்களூரில் செலவில் அடிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். செலவு கூடுவதை வயிற்றைக் கட்டியாவது சமாளிக்கலாம். வருமானமே போனால் அடகு வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வறண்ட மாவட்டத்திலிருந்து வறட்சி தட்டும் நகரத்துக்கு வருகிறவர் ஆபத்தைத் தேடி வரவில்லை. தாங்க முடியாத வகையிலிருந்து தாங்கக்கூடிய வகைக்கு மாறுகிறார்.

சென்னையிலிருந்து வரும் ஐடி ஊழியரின் கணக்கும் இதற்கு வெகுதூரம் இல்லை. 2015-இல் சென்னை மூழ்கியது. 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதுவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர்தான். ஆபத்தே இல்லாத ஊர் ஒன்று இருந்து, அதை விட்டுவிட்டு அவர் இங்கே வரவில்லை. இரண்டு ஊரிலும் ஆபத்து இருக்கிறது, சம்பளம் இங்கே கூடுதல். வீட்டில் இருவரும் வேலை பார்ப்பவர்கள் என்றால் இன்னொரு காரணமும் சேரும்: ஒருவருக்கு வேலை போனாலும் இதே ஊரில் அடுத்த வேலை கிடைக்கும். சிறு ஊரில் தண்ணீர் இருக்கும், அந்த இரண்டாவது வேலை இருக்காது.

ஒரே பஞ்சம், மூன்று விலை

செலவில் அடிக்கிறது என்றேன். எல்லார் மேலும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அரசு அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர், மாதத்துக்கு 16,200 லிட்டர். 2024 பஞ்சத்தின்போது இருந்த காவேரிக் கட்டணத்தில் முதல் 8,000 லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் 7 ரூபாய், அடுத்து 25,000 வரை 11 ரூபாய். (2025 ஏப்ரலில் இது உயர்ந்துவிட்டது.) ஆக, தண்ணீருக்கு மட்டும் சுமார் 146 ரூபாய்.

அதே குடும்பம் குழாய் போகாத லேஅவுட்டில் இருந்தால்? அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்ச விலை வைத்தது: 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். பெரிய டேங்கரில் ஆயிரம் லிட்டர் 83 ரூபாய், சின்ன டேங்கரில் 100 ரூபாய். சந்துக்குள் பெரிய வண்டி நுழையாது என்பதால் சின்ன வீட்டுக்காரருக்குத்தான் கூடுதல் விலை. மாதத்துக்கு 1,350 முதல் 1,620 ரூபாய், அதுவும் உச்ச விலையை மதித்தால். அதற்கு முன் 2,000 ரூபாய்க்கு மேலும் கேட்டார்கள். நூறு வீட்டு அடுக்குமாடிக்கு நாளுக்கு 54,000 லிட்டர், அதாவது நாலரை டேங்கர் வேண்டும். மராமத்துச் செலவு திடீரென்று ஏறுவதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

மூன்றாவது விலை ஒற்றை அறை வீட்டுக்காரருடையது. தெருமுனைச் சுத்திகரிப்பு நிலையத்தில் 5 ரூபாய் நாணயம் போட்டு 20 லிட்டர் கேன் பிடிக்கிறவர் ஆயிரம் லிட்டருக்கு 250 ரூபாய் கொடுக்கிறார். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அது என்றாலும், 7 ரூபாய்க்கும் 250 ரூபாய்க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பஞ்சக் காலத்தில் ஆளுக்கு ஒரு கேன்தான் என்று வரிசையில் நிறுத்தினார்கள். வரிசையில் நின்றது பெரும்பாலும் பெண்கள். காலை வேலைக்குப் போக முடியாமல் அவர்கள் இழந்த கூலி எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது.

காவேரித் தண்ணீரும் உண்மையில் மலிவான சரக்கு இல்லை. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்கவே 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். குழாய் உராய்வும் பம்பின் இழப்பும் சேர்ந்தால் 2 யூனிட்டைத் தொடும். 2024-இல் இருந்த 7 ரூபாயில் அந்த மின்கட்டணமே முழுசாக அடங்கவில்லை. குழாய் வரும் வீட்டுக்காரர் காதில் பஞ்சத்தின் சத்தம் விழாததற்கு இந்த மலிவு ஒரு காரணம்.

போர் ஏன் ஏமாற்றுகிறது

குழாய் எட்டாத இடத்தில் போர்தான் எல்லாம். ரிக் வண்டிகள் பலவும் திருச்செங்கோட்டிலிருந்து வருகின்றன. துளை போடும் ஆட்களிடம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். பெங்களூரின் அடியில் இருப்பது நைஸ் என்னும் பட்டைப் பாறையும் கருங்கல்லும். மேலே சில பத்தடி முதல் நூறடி வரை உளுத்த பாறை. மழைநீர் தேங்கும் பஞ்சு அதுதான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அங்கே தண்ணீர் இருந்தால் வெடிப்புகளில் மட்டும் இருக்கும். உளுத்த பகுதி சரிந்துவிடாமல் கெட்டிப் பாறை வரை கேசிங் குழாய் இறக்கி, அதற்குக் கீழே ஆறரை அங்குலத் துளையை வெறுமனே விடுவார்கள். கேசிங் பாறையில் சரியாக உட்காரவில்லை என்றால் பக்கத்துக் கழிவுநீர் அந்த இடுக்கில் இறங்கும்.

ரிக் காற்றடிக்கும்போது தண்ணீர் பீய்ச்சும். 'ரெண்டு இஞ்சு தண்ணி' என்று அளந்து சொல்லுவார்கள், சந்தோஷமாக இருக்கும். ஆனால் முதல் நாள் வருவது வெடிப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த இருப்பு. அந்த வெடிப்புக்குத் தினம் எவ்வளவு ஊறுகிறது என்பது வேறு கேள்வி. மோட்டாரை ஆறு முதல் எட்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. ரிக் போனதும் மோட்டார் இறக்கிவிடுகிறார்கள்.

அடுத்த கோடையில் பக்கத்து சைட்காரர், அதாவது மனைக்காரர், 1,200 அடி போடுகிறார். உங்கள் வெடிப்பும் அவர் வெடிப்பும் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை என்றால் உங்கள் மட்டம் இறங்கும். மோட்டார் காற்றை இழுத்து வறட்டு ஓட்டம் ஓடும், சுற்று கருகும். மோட்டாரைக் கீழே இறக்குவது ஒன்றுதான் தீர்வு என்று நினைப்பார்கள். 400 அடிக்கு என்று வாங்கிய பம்பை 900 அடியில் இறக்கினால் அத்தனை உயரம் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. ஸ்டேஜும் (பம்புக்குள் அடுக்கும் சுழல் சக்கரங்கள்) குதிரைத்திறனும் கூட்டிப் புதிது வாங்க வேண்டும். கேபிள், குழாய், கூலி எல்லாம் புதுச் செலவு. இப்படி ஒவ்வொரு தெருவிலும் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. ஆண்டுக்கு ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் இந்த மாவட்டத்தைக் குறித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மழைநீர் சேகரிப்பு 2009 முதல் இங்கே சட்டம். 1,200 சதுர அடிக் கூரையில், 970 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஆண்டுக்கு 86,000 லிட்டர் கிடைக்கும். நால்வர் குடும்பத்தின் ஆண்டுத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். இருக்கும் வாய்ப்புகளில் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் 6,000 லிட்டர் சம்ப் ஒரு நல்ல மழையிலேயே நிரம்பி வழிந்துவிடும். மிச்சத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி இல்லாவிட்டால், அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்ப் பள்ளத்தில் இருப்பவரின் வாசலில் ஏறும்.

பள்ளத்து சைட்

அந்தப் பள்ளத்தில் வீடு வாங்கியது யார்? கெம்பேகவுடா பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியில் நிற்கிறது, கண்டீரவா மைதானம் சம்பங்கி ஏரியில். ஏரியைத் தூர்த்துக் கட்டுவதை அரசே செய்து காட்டிய ஊர் இது. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே உபரி நீர் போகும் வாய்க்காலை ராஜகாலுவே என்பார்கள். அதைக் குறுக்கிச் சுவர் கட்டி மேலே மண்ணைக் கொட்டினாலும், பெருமழையில் தண்ணீர் பழைய சரிவைத் தேடித்தான் வரும். 2022-இல் பெள்ளந்தூர்ப் பக்கமும், 2024 அக்டோபரில் எலகங்காவிலும் நடந்தது இதுதான். வெள்ளத்தில் பணக்கார வில்லாக்களும் மூழ்கின. அவர்கள் ஓட்டலுக்குப் போனார்கள். காவலாளியும் வீட்டு வேலைக்காரரும் அதே தண்ணீரில் நின்றார்கள்.

பள்ளத்து சைட் விலை குறைவு. அதுவும் பி காதா, அதாவது முழு அங்கீகாரம் இல்லாத மனைக்கான மாநகராட்சிப் பதிவு, என்றால் இன்னும் குறைவு. வங்கிக் கடன் எளிதில் கிடைக்காததால் கைக்காசு, நகை, ஊர் நிலம் விற்ற பணம் என்று முழுச் சேமிப்பையும் போட்டு வாங்குகிறார்கள். பஞ்சம் செலவில் அடித்தது என்றால், வெள்ளம் இந்தச் சேமிப்பிலேயே கை வைக்கிறது. வாங்கியவருக்கு ஆபத்து ஓரளவு தெரியும். 20-க்கு 30 அடி சைட்டை மேட்டில் வாங்கப் பணம் போதாது, அதுதான் காரணம்.

அரசு காப்புச் செய்யச் செய்ய ஆட்கள் கூடுதலாக வந்து குடியேறுவதும் உண்டு. வெள்ளக்கரை கட்டினால் 'இனிப் பயமில்லை' என்று கரைக்குள் வீடுகள் பெருகி, கரை உடையும் நாளில் இழப்பு முன்னைவிடப் பெரிதாகிறது என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940-களிலிருந்தே வலியுறுத்திவந்தார். தண்ணீருக்கும் இது பொருந்தும். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர்க் கால்வாயும் வீட்டுக்கு வீடு ஏசியும் அந்தப் பாலையை மாநகரம் ஆக்கின. ஆனால் அங்கே 1980-இலேயே ஒரு சட்டம் வந்தது: புதிய வீட்டுமனைத் திட்டம் என்றால் நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைத் திட்டங்களுக்கு அந்தச் சான்றை ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நிறுத்திவைத்தார்கள். பெங்களூரில் ஐந்தாம் கட்டக் குழாய் வருகிறது என்ற பேச்சே மனை விலையை ஏற்றியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகத்துக்குக் கூட்டிக் கொடுத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூருக்கென்று. கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய அளவு ஆண்டுக்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆனது. இங்கே குழாய் திறக்கும் தமிழ்க் குடும்பத்துக்குத் தஞ்சாவூரில் வயலும் இருக்கலாம்.

வந்தபின் ஏன் கிளம்ப முடிவதில்லை

2024 கோடையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்கள் சொந்த ஊருக்குப் போய் மாதக்கணக்கில் இருக்க முடிந்தது. மற்றவர்களைக் கட்டிப்போட்டதில் ஒன்று லீஸ். நம் ஊரில் போகியம், ஒத்தி என்பதுதான்: சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மேல்மாடி கட்டவோ கடன் அடைக்கவோ போட்டிருப்பார். நடுவில் காலி செய்கிறேன் என்றால் 'அடுத்த ஆள் வந்தால் தருகிறேன்' என்பார். போர் வற்றிய வீட்டுக்குக் கோடையில் அடுத்த ஆள் வரமாட்டார். தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் பணம் மிக இறுக்கமாக மாட்டிக்கொள்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இங்கே மாற்றிய ரேஷன் கார்டு, சீட்டுக் கட்டும் தெரு, தமிழ் பேசும் அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்தால் ஊர் மாறுவது பெயருக்குத்தான் சாத்தியம்.

ஆகவே லீஸோ வாடகையோ சைட்டோ, பணம் கைமாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. 'ஏரியா எப்படி' என்று கேட்டுப் பயனில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் காவேரி வரும், எதிர் வீட்டுக்கு வராது. குடிநீர் வாரிய மீட்டர் இருக்கிறதா, மார்ச், ஏப்ரல் மாதப் பில்லில் எத்தனை ஆயிரம் லிட்டர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். மீட்டர் இருந்து அளவு மிகக் குறைவு என்றால், குழாய் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை என்று பொருள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு வால்வு திறக்கிறார்கள் என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர் சரியாகச் சொல்வார். டேங்கர் செலவு யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். போர் வற்றினால் இத்தனை நாளில் லீஸ் பணம் திரும்ப வேண்டும் என்ற வரியும் வேண்டும்.

வெள்ளத்துக்குச் சுவர்களே சாட்சி. காம்பவுண்டின் உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரே கோடாகக் கறையோ, அந்த உயரம் வரை மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் விசாரியுங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வாசல்படி சாலைக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால், வெள்ளத்தன்று சாக்கடை முதலில் குடிநீரில்தான் கலக்கும். ஓரடி உயர்த்திக் கட்டிய மூடி வேண்டும். சைட் வாங்குவதென்றால் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைப் பார்த்து, பழைய கிராம வரைபடத்தில் ஏரியும் ராஜகாலுவேயும் எங்கே போகின்றன என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்ய நேரமில்லாதவர்கள், மே மாதத்தில் ஒரு கனமழை பெய்த மறுநாள் காலை ஏழு மணிக்குள் அந்தத் தெருவுக்குப் போய்விடுங்கள். யார் வாசலில் சேற்றை வழிக்கிறார்கள், எந்த வீட்டுமுன் மெத்தை காய்கிறது, தெருமுனையில் டேங்கர் எந்த வீட்டுக்குக் குழாய் நீட்டுகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.